சின்ன வண்டிகளின் பெரிய வாத்தியார்

மலருக்கு ஒரு பொறியாளரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்மார் கேட்டதும், லோயர் கேம்ப் பையன் பென்னிகுயிக்கைப் பற்றித்தான் எழுதுவான் என்று நண்பர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தப்பில்லை. அவருடைய மணிமண்டபம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுத எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. நான் எழுத வந்தது கார்லோ அபார்த் என்பவரை. இத்தாலியின் சின்ன ஃபியட் கார்களைப் பந்தயத்தில் ஜெயிக்க வைத்தவர். அவரை நான் தேடிப் படித்தது ஒரு தப்பைச் செய்த பிறகு. அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு பெரியாறு பவர் ஹவுஸில் வேலை. தாய்மாமா தன்னுடைய பிரீமியர் பத்மினியை எனக்குக் கொடுத்தார். பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100தான். பம்பாயில் செய்து நம்மூர்ப் பெயர் வைத்தார்கள். 1089 சி.சி., ஏறக்குறைய 40 குதிரைத்திறன். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைப்பாதை ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் பாதி ஏற்றத்திலேயே ரேடியேட்டர் கொதித்துவிடும். ஓரங்கட்டி நின்றால் தேயிலைத் தோட்டத்து ஜீப்பெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும்.

வேலைக்குச் சேர்ந்து நாலு காசு பார்த்ததும், பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை வாங்கி பத்மினியில் இறக்கினேன். மவுண்டிங் பிராக்கெட்டை நானே வரைந்து லேத்தில் கொடுத்துச் செய்தேன். வண்டி மூச்சு வாங்காமல் குமுளி ஏறியது. பெருமை தாங்கவில்லை. இறங்கும்போதுதான் வினை. கனமான எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் மட்டும் அதே பழைய டிரம். மூன்றாவது வளைவில் கருகிய வாடை. நாலாவதில் பெடலை எவ்வளவு அழுத்தியும் வண்டி பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, மலைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்தினேன். எதிரே பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அப்பா வந்து பார்த்தார், திட்டவில்லை. எஞ்சினை மாற்றினாயே, பிரேக்குக்கு என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டார். மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கியவனிடம் பதில் இல்லை.

சின்ன ஃபியட்டை ஒழுங்காக வேகப்படுத்தியவர் யார் என்று தேடியபோதுதான் அபார்த் கிடைத்தார்.

1908 நவம்பர் 15-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல். இளம் வயதிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். 1934-ல் சைடுகார் வண்டியில் வியன்னாவுக்கும் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கும் இடையே, சுமார் 1300 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு போட்டி போட்டார். முதல் முயற்சி தோல்வி. அடுத்ததில் ரயிலை முந்தினார். 1930களின் இறுதியில் நடந்த ஒரு விபத்து அவருடைய மோட்டார் சைக்கிள் பந்தய வாழ்வை முடித்து வைத்தது. போர்க்காலத்தில் லியுப்லியானாவில் இருந்தார். பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட வைப்பதுதான் அவர் பார்த்த வேலை.

போர் முடிந்ததும் இத்தாலிக்கு வந்து சிசிடாலியா பந்தயக் கார் கம்பெனியில் சேர்ந்தார். போர்ஷே குழு வடிவமைத்த கிராண்ட் பிரி கார் ஒன்றில் பணத்தைக் கொட்டிய அந்தக் கம்பெனி நொடித்துப்போனது. அப்போது அபார்த்துக்கு நாற்பது வயது. பந்தயமும் போச்சு, வேலையும் போச்சு. கம்பெனியிலிருந்து கைக்கு வந்த சில கார்களையும் உதிரிகளையும் வைத்து, 1949 மார்ச் 31-ல் ஸ்கல்யாரினி என்பவரோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். தன்னுடைய விருச்சிக ராசியின் தேளையே சின்னமாக வைத்தார். அடுத்த ஆண்டே, பெரும் பந்தய வீரர் நுவோலாரி தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டியது அபார்த் காரில்தான்.

ஆனால் பந்தயம் மட்டும் சோறு போடாது. கம்பெனிக்குச் சோறு போட்டது சைலன்சர். புகை தடையில்லாமல் வெளியேறினால்தான் அடுத்த மூச்சை எஞ்சின் முழுசாக இழுக்கும். எங்கள் பவர் ஹவுஸிலும் இதே கதைதான். மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், வேலை முடித்து வெளியே போகும் தண்ணீருக்கும் தாராளமாக வழி வேண்டும் என்பார் அப்பா.

1955-ல் ஃபியட் 600 வந்தது. பின்பக்கம் எஞ்சின், 633 சி.சி., இருபத்திரண்டு குதிரைத்திறன்கூட இல்லை. அபார்த் போரை 60-லிருந்து 61 மில்லிமீட்டராகவும், ஸ்ட்ரோக்கை 56-லிருந்து 64 ஆகவும் ஏற்றினார். கணக்குப் போட்டால் 747 சி.சி. வரும். புது கிராங்க் ஷாஃப்ட், வேறு கேம் ஷாஃப்ட், பெரிய கார்புரேட்டர், கூடுதல் அமுக்க விகிதம், தன்னுடைய சைலன்சர் என்று எல்லாம் சேர்ந்து 40 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டது. பத்மினி 1089 சி.சி.யில் தந்ததை அவர் 747-ல் எடுத்தார். முழுக் காராகவும் விற்றார். சொந்தக் காரில் மாட்டிக்கொள்ளப் பெட்டியில் போட்ட உதிரிகளாகவும் விற்றார்.

வேகம் மட்டுமல்ல, தாங்க வேண்டும் என்பதிலும் அவர் கெட்டி. 1958 பிப்ரவரியில் மோன்சா பாதையில் அவர் தயாரித்த 479 சி.சி. ஃபியட் 500 ஒன்று, டிரைவர்கள் மாறி மாறி ஓட்ட, ஏழு நாள், 168 மணி நேரம் ஓடி 18,186 கிலோமீட்டர் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். சின்ன ஃபியட்டை ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

என் மண்டையில் உறைத்தது அடுத்த கட்டம். 1960களில் வந்த 850 டி.சி., 1000 டி.சி. ரகங்களில் எஞ்சினோடு அவர் நிற்கவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார். சூடு தணிக்க ரேடியேட்டரை முன்பக்கம் கொண்டு போனார். பந்தயத்தில் எஞ்சின் மூடியைத் திறந்தபடியே ஓட்டினார்கள். ஒன்றைக் கூட்டினால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நான் கோட்டைவிட்டது இதைத்தான்.

1965 அக்டோபரில், 57 வயதை நெருங்கியவர், சின்னப் பந்தயக் காருக்குள் நுழைவதற்காக ஆப்பிளைத் தின்றே 30 கிலோ எடை குறைத்து, தானே ஓட்டி முடுக்கச் சாதனை படைத்தார். கம்பெனியின் நூறாவது சாதனை அது. 1971-ல் கம்பெனி ஃபியட் கைக்குப் போனது. 1979 அக்டோபர் 24-ல், பிறந்த வியன்னாவிலேயே, பிறந்த அதே விருச்சிக ராசிக் காலத்தில் காலமானார்.

இதெல்லாம் இத்தாலிக்குத்தான் சரி என்று தம்பிகள் நினைக்க வேண்டாம். நம் கோவையில் எஸ். கரிவரதன், மாருதி 800-ன் சின்ன எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் பழகியவர்தான். 1995-ல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டியில் எஞ்சினை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்கி, ஆர்.சி. புக்கிலும் பதிய வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. விபத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வியர்க்கிறது.

டீசலைக் கழற்றிவிட்டேன். பழைய எஞ்சினையே சிலிண்டர் போர் பண்ணி, ஹெட்டைச் சீவி, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் புதுசாகப் போட்டேன். இப்போது குமுளிக்கு மெதுவாக, கொதிக்காமல் ஏறுகிறது. அதைவிட முக்கியம், இறங்குகிறது. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். சந்திப்பு நாளன்று அந்தப் பத்மினியில்தான் வருகிறேன். ஒர்க் ஷாப் வாசலில் நிற்கும். பானெட்டைத் திறந்து பார்க்க எல்லோரும் வாருங்கள்.