மனோவசியத்துக்குப் பெயர் வைத்த டாக்டர்

ஹிப்னாட்டிசம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது புக்காவ் கதைதான். எவனோ கையைத் தொட்டானாம், கண்ணைப் பார்த்தானாம், அந்த அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துட்டாங்களாம். இல்லாவிட்டால் மேடையில் ஆளை நாற்காலியில் தூங்க வைத்துச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: சக்தி முழுவதும் வசியம் செய்பவரிடம் இருக்கிறது, எதிரில் இருப்பவர் வெறும் பொம்மை. இந்த நம்பிக்கையைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் பிரெய்டு. ஹிப்னாட்டிசம் என்ற சொல்லே அவரால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

1795இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1828இல் மான்செஸ்டருக்குக் குடிவந்தார். மாறுகண், வளைந்த பாதம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் நல்ல பெயர். அப்போது மயக்க மருந்து கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஈதர் வந்ததே 1846இல்தான். கத்தி வைத்தால் நோயாளி கதறுவதைத் தினமும் கேட்ட மனிதர் இவர்.

அந்தக் காலத்தில் இதற்கு மெஸ்மெரிசம் என்று பெயர். வியன்னாவில் மருத்துவம் படித்த மெஸ்மர், தன் உடம்பிலிருந்து ஒரு காந்த ஓட்டம் நோயாளிக்குப் பாய்கிறது என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு, அப்படி ஓர் ஓட்டமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதன்பிறகு மரியாதைப்பட்ட டாக்டர்கள் பலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

1841 நவம்பர் 13ஆம் தேதி, லாஃபோன்டேன் என்ற மேடை மெஸ்மெரிஸ்ட் மான்செஸ்டரில் நிகழ்ச்சி நடத்தினார். பிரெய்டு போனது ஏமாற்று வேலையைப் பிடிக்கத்தான். ஆனால் ஒரு விஷயம் அவரைத் தடுத்து நிறுத்தியது. மேடையில் இருந்தவரால் இமையைத் திறக்கவே முடியவில்லை. மறுபடியும் போய்ப் பார்த்தார். இது நடிப்பு இல்லை என்று தெரிந்தது. அப்போ காரணம் என்ன? காந்தமா, அல்லது ஒரே இடத்தை வெறித்துப் பார்த்ததால் கண் களைத்துப் போனதா?

இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது. லேப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவார்களே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று, அதையேதான் அவரும் செய்தார். கையசைப்பதை எடுத்தார். தொடுவதை எடுத்தார். கண்ணோடு கண் பார்ப்பதையும் எடுத்தார். ஒரு நண்பரை உட்கார வைத்து, கண்ணுக்குச் சற்று மேலே இருந்த ஒயின் போத்தலின் வாயையே பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் இமை மூடித் தலை சாய்ந்தது. மனைவியைப் பீங்கான் சீனிக் கிண்ணத்தின் பூவேலையைப் பார்க்கச் சொன்னார். அவருக்கும் அதே கதி. கடைசியில், மெஸ்மெரிசம் பற்றி ஒன்றுமே தெரியாத வேலைக்காரரைக் கூப்பிட்டு, மருந்து தயாராகிறது, கண் எடுக்காமல் பார் என்றார். அவரும் தூங்கிப் போனார்!

போத்தலுக்கு என்ன காந்த சக்தி இருக்கிறது? பார்த்தவருடைய கவனம்தான் வேலை செய்தது. சம்மதிக்காதவரை இந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது என்றும் பிரெய்டு சொன்னார். வேலைக்காரர் விஷயம் இடிக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அவரும் கண் எடுக்காமல் பார்க்க ஒத்துக்கொண்டவர்தானே.

இதனால் அவருக்கு இரண்டு பக்கமும் அடி. 1842இல் லிவர்பூலில் ஒரு பாதிரியார் இது சாத்தானின் வேலை என்று பிரசங்கம் செய்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் மான்செஸ்டரில் கூடியபோது அவர் கட்டுரையை ஏற்கவில்லை. அவர் அசரவில்லை, தானே ஒரு கூட்டம் போட்டு விளக்கிவிட்டார். மெஸ்மெரிஸ்டுகளுக்கோ வேறு கோபம்: தங்களுடைய தனி சக்தியையே இல்லை என்கிறாரே! இன்றைக்கும் மனோசக்தி வகுப்பு என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களுக்குப் பிரெய்டைப் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1843இல் வந்த தன் நூலில், கிரேக்கர்களின் தூக்கக் கடவுளான ஹிப்னாஸ் பெயரை ஒட்டிய சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. கண் தெரியாதவர்களுக்கும் இந்த நிலை வந்தது. அப்படியானால் கண் களைப்பு மட்டும் காரணமில்லை. இது தூக்கமும் இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் நிற்கும் நிலை என்று புரிந்துகொண்டு, 1847இல் மோனோ-ஐடியிசம் என்று பெயரை மாற்றப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை, பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

1844 செப்டம்பரில் அவருக்கே வாதவலி. தூங்க முடியாத அளவுக்கு வேதனை. இரண்டு நண்பர்களை அருகில் வைத்துக்கொண்டு தன்னைத்தானே ஹிப்னாடிஸ் செய்துகொண்டார். ஒன்பது நிமிடம் கழித்து எழுந்தபோது வலி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். வசியம் செய்தவரும் அவரே, செய்யப்பட்டவரும் அவரே. அதற்காக எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

நம் பக்கமும் அவர் பார்வை திரும்பியது. மூக்கு நுனியில் பார்வையை நிறுத்தும் யோகிகளைப் பற்றிப் படித்து, தான் போத்தலை வைத்துச் செய்ததோடு அதை ஒப்பிட்டு எழுதினார். கீதையின் ஆறாம் அத்தியாயம் படித்தவர்களுக்கு அந்தப் பார்வை புதிதல்ல. லாகூரில் ரஞ்சித் சிங் அவையில் ஒரு யோகி மண்ணுக்குள் புதைக்கப்பட்டு உயிரோடு வெளியே வந்தார் என்ற கதையையும் அவர் விடவில்லை. அங்கே இருந்த ஆங்கிலேய அதிகாரியிடம் விவரம் கேட்டு வாங்கி 1850இல் நூலாக்கினார். நம் பெரியவர்களின் பயிற்சியை மாயம் என்று ஒதுக்காமலும், அப்படியே நம்பாமலும், சாட்சி தேடிய அந்தக் குணம் நம்மிடமும் இருந்தால் நல்லது.

1860 மார்ச்சில் மான்செஸ்டரில் இறந்தார். பிரான்சில் அப்போதுதான் டாக்டர்கள் அவர் முறையைக் கையிலெடுத்திருந்தார்கள். 1984இல் அதே மான்செஸ்டரில், மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய் உள்ள 30 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அரை மணி நேரமாக ஏழு முறை ஹிப்னாசிஸ் கொடுத்தார்கள். அவர்களுக்குத்தான் நன்றாகக் குணம் தெரிந்தது. வீட்டில் தினமும் தாங்களே செய்துகொள்ள ஆளுக்கொரு ஒலிநாடாவும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.