ஹைடன் ஓய்ந்த விதம்



சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். மாலை சூட்டி வழியனுப்புவார்கள். ஆனால் தச்சனுக்கும் விவசாயிக்கும் குடும்பத்தைக் காக்கும் தாய்க்கும் அப்படி ஒரு நாள் ஏது? கை சற்றுத் தளரும். ஒரு வேலையை மகன் ஏற்றுக்கொள்வான். சில காலம் கழித்து மற்றொன்று. எந்த நாளில் ஓய்ந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. அவ்விதம் ஓய்ந்த ஓர் இசை மேதையின் சரித்திரத்தை இவ்வாரம் கேளுங்கள்.

ஜோசப் ஹைடன் 1732-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஆஸ்திரியாவில் ரோராவ் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. பிள்ளையின் குரலினிமையைக் கண்டு வியன்னா நகர் அர்ச். முடியப்பர் பேராலயப் பாடகர் குழுவில் சேர்த்தார்கள். குரல் உடைந்ததும் அவ்விடம் விட்டு வெளியேறி வறுமையில் உழன்றார். 1761-ல் எஸ்டர்ஹாசி பிரபுக்களின் அரண்மனையில் வேலை கிடைத்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே இசைக்குழுவை நடத்தினார். இசை அமைக்கையில் தடை நேர்ந்தால் ஜெபமாலையைக் கையில் எடுப்பது அவர் வழக்கம்.

1790-ல் பிரபு நிக்கோலாஸ் காலமானார். வாரிசாக வந்தவர் இசைக்குழுவில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார். ஹைடனுக்குப் பதவியும் ஓய்வூதியமும் நிலைத்தன, வேலைதான் இல்லை. அப்போது அவருக்கு வயது 58. இனி ஓய்வுதானே என்று எண்ணுவீர்கள். அவரோ இருமுறை லண்டனுக்குச் சென்று பெரும் புகழ் பெற்றார். 1795-ல் திரும்பியபோது புதிய பிரபு மறுபடியும் இசைக்குழு அமைக்க விரும்பினார். பழைய சுமை முழுவதும் இப்போது இல்லை. பிரபுவின் மனைவியின் நாமத் திருநாளுக்குப் பாடற்பூசை இசை அமைப்பதே முக்கிய கடமை. 1796 முதல் 1802 வரை இவ்விதம் ஆறு பூசைகள் இயற்றினார். இடையே, 1798-ல் 'சிருஷ்டி', 1801-ல் 'பருவங்கள்' என்னும் இரு பெரும் படைப்புகளும் அரங்கேறின.

அதன் பின் ஒவ்வொன்றாக அவர் கையை விட்டு அகன்றது. 1802-ல் இயற்றியதே கடைசிப் பூசை. 1803-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஆண்டவர் சிலுவையில் திருவாய் மலர்ந்த ஏழு வாக்கியங்களுக்குத் தாம் அமைத்த இசையைத் தர்மத்துக்காக நடத்தினார். பொதுமக்கள் முன் அவர் இசை நடத்தியது அதுவே கடைசி. 1804-ல் ஹும்மல் என்ற வாலிபர் அரண்மனை வேலையை ஏற்றார். ஆயினும் தலைமைப் பதவியின் பெயரை மரணமட்டும் ஹைடனுக்கே விட்டுவைத்தார்கள்.

அவருடைய பெரிய வேதனை வேறு. இசை மனதில் ஊறிக்கொண்டேயிருந்தது. அதை எழுத உடலில் பலமில்லை. 1803-ல் தொடங்கிய நால்வர் இசையொன்றில் நடுப் பகுதிகள் இரண்டு மட்டுமே முடிந்தன. நாளை முடிப்போம், அடுத்த மாதம் முடிப்போம் என்று எத்தனை முறை எண்ணியிருப்பார்! 1806-ல் அதை அரைகுறையாகவே அச்சிட இசைந்தார். மீதிப் பகுதிக்குப் பதிலாக, தாம் முதுமையுற்றுப் பலமிழந்ததைத் தெரிவிக்கும் ஒரு சிறு சீட்டைச் சேர்த்தார். எண்ணற்ற இசைகளை எழுதி முடித்து, ஏட்டின் கடைசியில் சர்வேசுரனுக்குத் தோத்திரம் எழுதிய கை அது. அந்தச் சீட்டை வைக்க எவ்வளவு தாழ்ச்சி வேண்டும்!

1808-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி வியன்னா சர்வகலாசாலையில் 'சிருஷ்டி' இசைக்கப்பட்டது. நடத்தியவர் சாலியேரி. ஹைடனை நாற்காலியில் தூக்கி வந்தார்கள். பாதியிலேயே களைத்துப்போய் வீடு திரும்பினார். அதன்பின் அவருக்கு மிஞ்சியது ஒரு சிறு வேலை: முன்னர் தாம் இயற்றிய அரசர் வாழ்த்தைத் தினமும் வாசிப்பது. 1809 மே மாதம் பிரெஞ்சுச் சேனை நகரைப் பீரங்கியால் தாக்கிய நாட்களுக்குப் பின்னும் அதை விடவில்லை. மே 31-ந் தேதி, தமது 77-வது வயதில் உயிர் நீத்தார்.

பெரியோர்களே, கையிலுள்ள வேலை முடியவில்லையே என்று கலங்காதீர்கள். முடிந்தவரை செய்து, மீதியைத் திறந்த மனதோடு பிறரிடம் கொடுங்கள். பிள்ளைகளே, தகப்பனாரின் சுமையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய இடத்தைப் பறிக்காதீர்கள். தினமும் வாசிக்க ஒரு சிறு பாட்டையாவது அவரிடம் விட்டுவையுங்கள்.