ரஹ்மானிடம் கையேந்திய குணங்குடியார்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் நம்மில் பலர். அதற்கு அடுத்த நிலையம் இராயபுரம். இன்னும் சற்றுத் தள்ளி தண்டையார்பேட்டை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்து மறைந்தவர் குணங்குடி மஸ்தான் சாஹிப் (ரஹ்) அவர்கள்.

1792இல், இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார். மாமன் மகளை மணமுடித்து வைக்கக் குடும்பத்தார் விரும்பினர். அவரோ இளவயதிலேயே வீட்டைத் துறந்து வெளியேறினார். திருச்சியில் மௌலவி ஷாம் சாஹிப் அவர்களிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார். திருப்பரங்குன்றம் மலையில் நாற்பது நாட்கள் தனித்திருந்து வணக்கத்தில் ஈடுபட்டார். காடு மலையெல்லாம் அலைந்து, கடைசியில் சென்னை வந்து இராயபுரத்தில் தங்கினார்.

இறைக்காதலில் தன்னை மறந்தவர் என்பதால் மக்கள் அவரை மஸ்தான் என்றழைத்தனர். நாளடைவில் மதிப்பு பெருகியது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துப் புலவர்களும் அவரைத் தேடி வந்தனர். திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர் மீது நான்மணிமாலையே பாடினார். தொண்டியிலிருந்து வந்த இந்தத் தொண்டியாரால்தான் தண்டையார்பேட்டை அப்பெயர் பெற்றது என்று சொல்வதும் உண்டு.

கல்வி, வணக்கம், ஊராரின் புகழ் மூன்றும் சேர்ந்துவிட்டால், தன் அமல்களின் கணக்கோடு இறைவன் முன் நிற்க மனம் துணியும். குணங்குடியார் அப்படி நிற்கவில்லை. அவரது ரகுமான் கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் ரஹ்மானை விளித்தே முடிகிறது. நோற்ற நோன்பையோ விழித்த இரவுகளையோ எடுத்துவைத்து அவர் கூலி கேட்கவில்லை. தன்னைப் பாவியாக, எளியவனாக நிறுத்தி, அருளை மட்டுமே யாசிக்கிறார்.

இது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம்தான். எவரையும் அவரது செயல் மட்டும் சுவனத்தில் சேர்க்காது என்றும், அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றித் தாமும் அதற்கு விலக்கல்ல என்றும் அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

குணங்குடியாரின் துறவு நம் எல்லோருக்குமான வழியல்ல. குடும்பமும் உழைப்பும் நபிவழியே. ஆனால் அவரது துஆவின் பணிவு நமக்கு அவசியம் தேவை. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, கடன் அடையவில்லை என்றால், ஐவேளை தொழுதும் எனக்கு ஏன் இப்படி என்று கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வியில் துஆ கூலி வழக்காகிவிடுகிறது. இன்னொரு பக்கம், இவ்வளவு பாவம் செய்த நான் எந்த முகத்தோடு கேட்பேன் என்று கையேந்தவே தயங்குபவர்களும் உண்டு. இருவருமே தம் செயலைத்தான் பார்க்கிறார்கள். ரஹ்மானின் கருணையைப் பார்க்கவில்லை. தொழுகையை விடக் கூடாது. அதைக் காட்டி உரிமை கோரவும் கூடாது. பாவத்தைச் சிறிதாக எண்ணக் கூடாது. அதை அவனது மன்னிப்பைவிடப் பெரிதாகவும் எண்ணக் கூடாது.

1838இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே குணங்குடியார் மறைந்தார். தண்டையார்பேட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். சொத்தென்று எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. ரஹ்மானிடம் கெஞ்சிய அந்தப் பாடல்கள்தான் மிஞ்சின.

தகுதி பார்க்காமல் கொடுப்பவனிடம், தகுதி பேசாமல் கேட்கும் பணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.