காய்ச்சலுக்கும் கஞ்சி வார்த்த சட்டம்



இரும்பையில் ஒரு தொழிலாளி காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறது. எழுந்து போக உடம்பில் தெம்பில்லை. அன்றைக்கு அவன் வீட்டு அடுப்பு எரியுமா? எரியவேண்டும் என்று சட்டம் வர வழிகோலியவர்களில் முன்னணியில் நின்றவர் அண்ணல் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14-இல் மோவ் ராணுவ முகாமில் பிறந்தார். 1913-இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தைக்கு நோய் என்று செய்தி வந்தது. வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். பிப்ரவரி 2-இல் தந்தை மறைந்தார். பிறகு, பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தார். துணைவியார் ரமாபாய் நெடுநாள் நோயில் வாடி 1935-இல் கண்மூடினார். ஏழை வீட்டில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஏட்டிலா படித்தார்? நெஞ்சில் பட்டு அறிந்தார்!

1938-இல் பம்பாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமைக்காகக் களம் கண்டார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943-இல், பேராசிரியர் அதார்க்கர் நோய்க் காப்பீட்டுத் திட்டம் வகுக்க அமர்த்தப்பட்டார். 1944-இல் அறிக்கை தந்தார். அதில் முளைத்ததே 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம். அது 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955-இல் கோவையை எட்டியது.

நோய்க்காலப் பணம் பெறும் தொழிலாளியை முதலாளி வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றது அச்சட்டம். அதே சட்டம் தொழிலாளிக்கும் வரம்பு கட்டியது. காப்பீட்டு மருத்துவரின் சான்று வேண்டும், சிகிச்சையில் இருக்கவேண்டும், அந்த நாளில் கூலிக்கு வேலை செய்யக்கூடாது, பொய் சொல்லிப் பணம் பெற்றால் சிறையோ அபராதமோ உண்டு. முதலாளியின் சந்தேகத்தைத் தராசாக்காமல், மருத்துவரின் சான்றைத் தராசாக்கியதே அதன் நேர்மை.

1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார். அவர் வழிகோலிய உரிமையை நாம் எப்படிக் காக்கிறோம்?

பொய்ச் சான்று வாங்கித் திருவிழாவுக்குப் போகிறவன் முதலாளியை ஏமாற்றவில்லை. தொழிலாளர் காசும் சேர்ந்த நிதியில் கை வைக்கிறான். அடுத்த வாரம் மெய்யாகவே காய்ச்சலில் துடிக்கும் தோழனை மேலாளர் நம்பாதபடி செய்கிறான். ஆளைக் கணக்கில் காட்டாமல் காப்பீட்டையே மறைக்கும் முதலாளி செய்வதோ அதனினும் பெரிய திருட்டு!

இரண்டையும் சங்கம் கண்டிக்கட்டும். முதல் திருட்டை நாம் ஒழித்தால்தான், இரண்டாவதைத் தட்டிக்கேட்க நமக்குக் குரல் இருக்கும்.