சர்க்கரை நோயும் 14,438 கோடுகளும்

காலை நடைப்பயிற்சிக்கு வரும் நம்மில் பலர் சர்க்கரைக்காகத்தான் நடக்கிறோம். உங்களைப் போல மாத்திரை போட்டுக்கொள்ள வழியில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹென்றி ரோலண்ட், 1848-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது சிவில் இன்ஜினியரிங். 1876-ல் பால்டிமோரில் புதிதாகத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் இயற்பியல் பேராசிரியரானார்.

சி.டி.யைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள நெருக்கமான வரிகள்தான் ஒளியைப் பிரிக்கின்றன. அதே வேலையைத் துல்லியமாகச் செய்வது கீற்றணி. உலோகக் கண்ணாடி மீது வைர முனையால் ஓர் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கீறினார் ரோலண்ட். இயந்திரத்தின் திருகாணியில் துளி பிசகினாலும் தகடு வீண். அதனால் பிழையே இல்லாத திருகாணி செய்வதற்குத்தான் முதலில் பாடுபட்டார். வெப்பநிலை மாறக் கூடாதென்று இயந்திரத்தை நிலவறையில் வைத்தார். 1882-ல் குழிந்த கண்ணாடியிலேயே கோடு கீறினார். நிறங்களைக் குவிக்க லென்ஸே தேவைப்படவில்லை. ஒளி நுழையும் பிளவு, கீற்றணி, பிரிந்த நிறங்கள் மூன்றும் ஒரே வட்டத்தில் அமையும். அதற்கு ரோலண்ட் வட்டம் என்றே பெயர்.

தகடுகளை உலக ஆய்வகங்களுக்கு அடக்க விலைக்கே கொடுத்தார். வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு இந்த இடம் உறுத்தியது. 1890-ல் கல்யாணம் ஆன சமயம், ஆயுள் காப்பீட்டுக்கான பரிசோதனையில் சர்க்கரை நோய் தெரிந்தது. இன்சுலின் வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. மீதி பத்து வருஷம்தான் என்று புரிந்துகொண்டவர், மனைவி, மூன்று குழந்தைகளுக்காக ஒரே கம்பியில் பல தந்திகள் அனுப்பும் கருவியில் இறங்கினார். நினைத்த வருமானம் வரவில்லை. காப்பீடு எடுக்கத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்கவும்!

எக்ஸ்-கதிரைச் சாதாரண லென்ஸால் குவிக்க முடியாது. எனவே 1999-ல் விண்ணில் ஏவிய சந்திரா தொலைநோக்கியில் எக்ஸ்-கதிரைக் கண்ணாடிகள் குவிக்க, பின்னால் உள்ள கீற்றணிகள் பிரிக்கின்றன. ஒரு சட்டத்தில் மட்டும் 336 தங்கக் கீற்றணிகள், ரோலண்ட் வட்டக் கணக்குப்படியே பொருத்தியவை.

ரோலண்ட் 1901 ஏப்ரலில், 52 வயதில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தியை அந்த நிலவறைச் சுவரில், கோடு கீறும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பதித்தார்கள்.