ஜி.டி. நாயுடுவும் ஒரு மெல்லிய பிளேடும்



காலையில் முகச்சவரம் செய்துகொள்ளும்போது, ரேசருக்குள் இருக்கும் பிளேடைப் பற்றி நீங்கள் பெரிதாக யோசித்திருக்க மாட்டீர்கள். மழுங்கினால் எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறோம், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னத் தகட்டைச் செய்வது லேசான வேலை இல்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்திலேயே, பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு தமிழ்நாட்டுக்காரர் அதில் இறங்கிப் பார்த்தார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுதான் அவர். பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடுகிறது. அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியும் விட்டார். வாங்கியவர் அதை ஓட்டி ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகப் பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். அவருடைய பொறியியல் படிப்பு இவ்வளவுதான்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அந்த பஸ்ஸை வாங்கக் கைகொடுத்தவர் கோவையின் பெரிய வெள்ளைக்கார வியாபாரி ராபர்ட் ஸ்டேன்ஸ். பத்திரமோ சொத்தோ பெரிதாக இல்லாத ஒரு கிராமத்து இளைஞரை நம்பிக் கடன் கொடுத்திருக்கிறார். வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைக்கு மனுவோடு வந்தது மனிதர்தான், காகிதம் இல்லை. அந்த ஒரு பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பஸ்ஸில் சம்பாதித்த பணத்தில் ஐரோப்பா போனார். அங்கேயும் அவர் கண் போனது தொழிற்சாலைகளின் மேல்தான். கேமராவும் கையுமாகத் திரிந்து, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைக்கூடத் தானே படம் பிடித்தார். அந்தக் காலகட்டத்தில்தான் முகச்சவரத்தின் பக்கம் அவர் கவனம் திரும்பியது.

அதன் அருமை புரிய, பிளேடின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் சவரக்கத்திதான். தோல்வாரில் தீட்டித் தீட்டி ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் வீட்டுத் திண்ணைக்கே நாவிதர் வந்து சவரம் செய்துவிட்டு, அறுவடையில் களத்து மேட்டில் நெல்லாகக் கூலி வாங்கிக்கொண்ட காலம் அது. 1880-இல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் தோலைக் கீறாதபடி காப்பு வைத்த ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் கூர், கத்தியின் துண்டு போலத் தடித்த அலகு. அதையும் தீட்டித்தான் ஆக வேண்டும். அடுத்து கிங் கேம்ப் ஜில்லெட் வந்தார். தீட்டவே வேண்டாம், மழுங்கினால் எறி, புதிதை மாட்டு என்பது அவர் கணக்கு. 1903-இல் விற்பனையைத் தொடங்கிய வருடத்தில் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் 90,000-ஐத் தாண்டியது.

ரேசரை ஒருமுறைதான் விற்க முடியும், பிளேடை ஆயுள் முழுக்க விற்கலாம். வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் உள்ள ருசி தெரியும். அவ்வளவு பெரிய லாபம் இருந்தும் மற்றவர்கள் உடனே இறங்க முடியாமல் போனதற்குக் காரணம், தகட்டை மெலிதாக்குவதில் இருந்த சிரமம். மெல்லிய எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்தும்போது அது நெளிந்துகொள்ளும். நெளிந்த தகட்டில் ஒரே சீரான கூர் வராது. ஜில்லெட்டுக்கே அந்தச் சிக்கலைத் தீர்த்துக் கொடுக்க நிக்கர்சன் என்ற பொறியாளர் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வேலையில்தான் நம் நாயுடு கைவைத்தார். மிக மெல்லிய சவர பிளேடுகளைச் செய்தார். கூடவே ‘ரசாந்த்’ என்ற மின்சார ரேசர். உள்ளே ஒரு குட்டி மோட்டார், அது ஓட பேட்டரிக் கட்டைகள். அமெரிக்காவில் ஷிக் என்பவரின் மின்சார ரேசர் 1931-இல்தான் கடைக்கு வந்தது. நம் கிராமங்கள் பலவற்றில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில், சுவரில் பிளக் தேடாமல் கையில் பிடித்துச் சவரம் செய்யும் கருவியைக் கோவைக்காரர் ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் குடியிருப்பில் இளைஞர்கள் சிலர் இப்போது ஒற்றைக் கூர் ரேசரை ஆன்லைனில் வாங்குகிறார்கள். நல்லதுதான், பிளாஸ்டிக் தலையோடு எறியும் ரேசரைவிடக் குப்பை குறைவு. ஆனால் பிளேடு மாட்டத் தெரியாமல் விரலை அறுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான வகைகளில் பிளேடின் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தடித்த முதுகு. முதுகைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ரேசரின் தலையைத் திறந்து, கூர் முன்பக்கம் பார்க்க, இரண்டு ஓரத்திலும் உள்ள சிறு தடுப்புகளில் முட்டும்வரை வையுங்கள். கூரை விரலால் அழுத்தித் தள்ளவே கூடாது. மூடிய பிறகு வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பாருங்கள். கூருக்கும் காப்புக்கும் உள்ள இடைவெளி இடதும் வலதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் தாடையில் ரத்தம் நிச்சயம். பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். நம் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்கள் பல நேரம் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார்கள். காலி டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். நிறைந்ததும் மூடியை ஒட்டி, பிளேடு என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.

நாயுடுவுக்கு வருவோம். பிளேடோடு அவர் நிற்கவில்லை. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார். 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டினார். அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

பிளேடும் ஒரு பெரிய தொழிலாக நிலைக்கவில்லை. பிறகு நாம் மளிகைக் கடையில் கேட்டு வாங்கியதெல்லாம் செவன் ஓ கிளாக், டோபாஸ், பனாமாதான். கோவைப் பெயர் எதுவும் நம் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. வரி விஷயத்திலும் அரசோடு அவருக்குக் கடும் மோதல். அந்தக் கோபத்தில் தான் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தானே உடைத்துக் காட்டினார். அவருடைய நண்பரான பெரியாரே அதை ஏற்காமல் கண்டித்துப் பேசினார். என் கட்சியும் பெரியார் கட்சிதான். வரி ஆணை மேல் கோபம் இருந்தால் மேல்முறையீடு போகலாம், உடைத்த பொருள் திரும்பாது. ஆனால் ஒரு சாதாரண அனுமதிக் காகிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த சிறு தொழிலதிபர்களை எங்கள் கவுண்டருக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அவருடைய ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாமல் இல்லை.

கல்வியிலும் அதே அவசரம். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பெரும் கொடை அவருடையது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு வேர் அதுதான். பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பவில்லை, பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். பருத்தி, சோளம், பப்பாளியில் புது ரகங்கள் கண்டார். அவர் பண்ணைக்கு சர் சி.வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்திருக்கிறார்கள். 1967-இல், 74 வயதில், அஸ்திவாரம் முதல் ஒரு வீட்டையே எட்டு மணி நேரத்தில் கட்டி முடித்தார்.

நம் டெல்டாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1937-இல் அவருடைய ஆதரவோடு பாலசுந்தரம் நாயுடு கோவை பீளமேட்டில் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார். கோவை மோட்டார் தொழிலின் தொடக்கம் அது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வருடங்களில், ஒரத்தநாட்டுப் பக்கமும் பாபநாசம் பக்கமும் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் போர்வெல் மோட்டார்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெரும்பாலும் கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும்.

1974 ஜனவரி 4 அன்று ஜி.டி. நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் உள்ள கண்காட்சியில் அவர் சேர்த்ததும் செய்ததுமான பொருள்கள் இருக்கின்றன. இங்கிருந்து மயிலாடுதுறை ஜனசதாப்தியிலேயே போய்விடலாம். விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு போனால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் பத்தாது.