இல்லறத்தையே ஆலயமாக்கிய முன்சீப்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைச் சுற்றி வருவார்கள். வழியில் ரமணாசிரமத்திற்குள் நுழைந்து, சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கணவனும் மனைவியுமாக, குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களும் உண்டு.

ரமண மகரிஷி இருந்த காலத்தில் இவர்களைப் போன்ற பலர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கடவுளை அடைய வேண்டுமானால் வீட்டையும் மனைவி மக்களையும் விட்டுவிட வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

மகரிஷி தமது 16-வது வயதில், 1896-ம் ஆண்டு, மதுரையில் இருந்த வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர். ஆனால் மற்றவர்களும் அப்படியே செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இருக்கும் இடத்திலேயே, செய்யும் தொழிலிலேயே மனதைப் பக்குவப்படுத்தலாம் என்றுதான் சொன்னார்.

இதை அவருக்கு முந்திய தலைமுறையிலேயே ஒரு தமிழர் வாழ்ந்து காட்டிவிட்டார். அவர் மதம் வேறு. அவர் கிறிஸ்தவர். துறவி அல்ல, குடும்பஸ்தர். கோர்ட்டில் நீதிபதி. தமிழில் முதல் நாவலை எழுதியவர். ரமணர் பிறந்த அதே 1879-ம் ஆண்டில்தான் அந்த நாவலும் வெளிவந்தது!

அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

குளத்தூரில் பிறந்தார்

திருச்சி ஜில்லாவில் குளத்தூர் என்று ஓர் ஊர். அங்கே 1826-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந் தேதி வேதநாயகம் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம்.

சிறு வயதிலேயே தமிழும் ஆங்கிலமும் நன்றாகக் கற்றார். திருச்சி கோர்ட்டில் உத்தியோகம் கிடைத்தது. முதலில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் வேலை. பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை. படிப்படியாக உயர்ந்து, 1857-ம் ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழிக்கும் மாயூரத்துக்கும் மாற்றப்பட்டார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் வேலை பார்த்தார். அதனால் அந்த ஊர்ப் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அந்த ஊர் மயிலாடுதுறை.

நாற்காலியில் நீதி

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்துக்காக வழக்காடும் உழவனுக்கும், சொத்தை இழந்து நிற்கும் விதவைக்கும் கோர்ட்டில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது. தங்கள் தலைவிதியைப் பிறர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வேதநாயகம் பிள்ளையின் மனதை வருத்தியது. 1805-ம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் எழுதினார். 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-ம் ஆண்டு அது அச்சாகியது. தமிழ் நாட்டுக் கோர்ட்டில் தமிழிலேயே வாதாட வேண்டும் என்று பின்னாளில் தம்முடைய நாவலிலும் வற்புறுத்தினார்.

லஞ்சம் என்றால் அவருக்கு ஆகாது. நீதி சொல்லும் இடத்தில் இருப்பவன் கை நீட்டக்கூடாது என்று பாட்டாகவே பாடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழந்தாளிட்டுவிட்டு, திங்கட்கிழமை கோர்ட்டில் ஏழையின் வயிற்றில் அடித்தால் அந்த ஜெபத்தால் என்ன பயன்? அவருடைய பக்தி கோவில் வாசலோடு நின்றுவிடவில்லை. உத்தியோக நாற்காலி வரை வந்தது.

வீட்டுக்கு ஒரு நூல்

1859-ம் ஆண்டு அவர் 'நீதிநூல்' என்ற நூலை வெளியிட்டார். கடவுள் உண்டு என்பதில் தொடங்குகிறது அந்த நூல். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. நேராக வீட்டுக்குள் வருகிறது!

பெற்றோரை எப்படிப் பேணவேண்டும்? கணவனும் மனைவியும் எப்படி வாழவேண்டும்? உடன்பிறந்தவர்கள் எப்படி ஒற்றுமையாக இருக்கவேண்டும்? வேலைக்காரர்களை எப்படி நடத்த வேண்டும்? இவை எல்லாம் அதில் இருக்கின்றன. கடவுளை நம்புகிறவன் வீட்டில் கடுஞ்சொல் பேசலாமா, பொய் சொல்லலாமா என்று படிக்கிறவன் தன்னையே கேட்டுக்கொள்ளும்படி அந்த நூல் செய்கிறது.

பெண்களுக்குப் படிப்பு

அந்தக் காலத்தில் பெண்ணைப் படிக்க வைப்பது பெரிய குற்றம் போல் கருதப்பட்டது. படித்தால் பெண் கெட்டுப்போவாள், கணவனை மதிக்கமாட்டாள் என்று பேசினார்கள்.

வேதநாயகம் பிள்ளை அதை ஒப்பவில்லை. தாய்க்கு அறிவு இருந்தால்தான் பிள்ளைக்கு அறிவு வரும். மனைவி படித்தவளாக இருந்தால்தான் கணவனுக்கு நல்ல துணையாக இருப்பாள் என்பது அவருடைய எண்ணம். 1869-ம் ஆண்டு 'பெண்மதி மாலை' என்ற பாட்டு நூலை வெளியிட்டார். பெண்கள் வீட்டு வேலை செய்துகொண்டே பாடக்கூடிய எளிய பாட்டுகள் அவை. அதை அடுத்து, பெண் கல்வியைப் பற்றியும் பெண் மானத்தைப் பற்றியும் உரைநடையில் எழுதினார். ஊரார் பேச்சுக்கு அவர் பயப்படவில்லை.

ஞானாம்பாள்

1879-ம் ஆண்டு 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழில் வந்த முதல் நாவல் அதுதான். பெயர் என்னவோ பிரதாப முதலியாருடையது. ஆனால் படித்தவர்கள் மனதில் நிற்பவள் அவன் மனைவி ஞானாம்பாள்!

அவள் படித்தவள். புத்திசாலி. கணவன் வழி தவறித் திண்டாடும்போது அவனைக் காப்பாற்றுகிறவள் அவள்தான். ஆண் வேடம் பூண்டு ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். நீதி தவறாமல் தீர்ப்புச் சொல்லுகிறாள். அதன் பிறகு செருக்கு இல்லாமல் தன் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்கிறாள்.

கதையில் வருவது கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. ஆனாலும் நல்ல கணவன் மனைவி எப்படி இருக்கவேண்டும் என்று ஆசிரியர் நினைத்தாரோ அப்படியே அவர்களை எழுதினார். ஒருவர் அடிமை, ஒருவர் எஜமான் அல்ல. இருவரும் ஒருவருக்கொருவர் துணை. 1887-ம் ஆண்டு வெளிவந்த 'சுகுண சுந்தரி' என்ற இரண்டாவது நாவலில் பால்ய விவாகத்தைக் கண்டித்தார்.

பஞ்சம் வந்தது

1876-ம் ஆண்டு கொடிய பஞ்சம் வந்தது. அது 1878 வரை நீடித்தது. மழை இல்லை. விளைச்சல் இல்லை. தானிய விலை ஏறியது. தமிழ் நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்க முடியாமல் தாய்மார்கள் கதறினார்கள்.

அப்போது வேதநாயகம் பிள்ளை உத்தியோகத்தில் இல்லை. 1872-ம் ஆண்டிலேயே வேலையை விட்டுவிட்டார். மாதச் சம்பளம் நின்றுபோன குடும்பம். இருப்பதை இறுக்கி முடிந்துவைத்துக் கொள்ளத்தான் யாருக்கும் தோன்றும். சொந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு வேண்டாமா என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படி நினைக்கவில்லை. தம்முடைய பொருளைக் கொடுத்துக் கஞ்சி வார்த்தார். பசித்தவனுக்கு இடும் சோறு எனக்கே இட்டது என்பது இயேசுநாதரின் போதனை. அதைப் படித்ததோடு அவர் நிற்கவில்லை. அடுப்பு மூட்டிச் சோறாக்கினார்.

அந்தப் பெருங்கொடையைக் கண்டு உள்ளம் உருகியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சிவபக்தர். அவர் வேதநாயகம் பிள்ளையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடிவிட்டார்! சிவபக்தர் ஒரு கிறிஸ்தவரைப் பாடினார் என்றால் அந்தக் கஞ்சியின் பெருமை எவ்வளவு என்று தெரிகிறது அல்லவா?

மாற்றாரையும் நேசித்தார்

வேதநாயகம் பிள்ளை தம்முடைய மதத்தில் உறுதியானவர். தேவமாதா மீது அந்தாதி பாடினார். அதே சமயம் பிற மதத்தாரிடம் அன்பு காட்டினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருடைய நண்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உயிர்த் தோழர். மகாவித்துவான் அவர்மீது 'குளத்துக் கோவை' என்ற நூலைப் பாடினார்.

எல்லா மதத்தாரும் சேர்ந்து பாடவேண்டும் என்று 1878-ம் ஆண்டு 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்ற நூலை வெளியிட்டார் வேதநாயகம் பிள்ளை. அந்தப் பாட்டுகளைச் சங்கீத வித்துவான்கள் கச்சேரிகளில் பாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரனை வெறுத்துக்கொண்டு பரலோகம் போக முடியாது என்பதை அறிந்தவர் அவர்.

1889-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

அவர் காவி உடுத்தவில்லை. காட்டுக்குப் போகவில்லை. அற்புதம் எதுவும் செய்யவில்லை. கை நீட்டாமல் உத்தியோகம் பார்த்தார். பெண்களை மதித்தார். பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்தார். அண்டை அயலாரோடு அன்பாக இருந்தார்.

இவை சின்னக் காரியங்கள்தான். எந்த மதத்தைச் சேர்ந்த குடும்பமும் செய்யக்கூடியவை. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒருநாளும் தவறாமல் செய்வது லேசான காரியமா? வீட்டை விட்டுப் போவதைவிட, வீட்டில் இருந்துகொண்டு இப்படி வாழ்வதுதான் கடினம்!